அறையைச் சுருக்கினால் வாடகை இறங்காது

பட்டர்வொர்த்தில் தாழ்மாடி அடுக்ககங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வாதம் வந்துவிடுகிறது: குறைந்தபட்சப் பரப்பளவு விதியைத் தளர்த்தினால் அதே நிலத்தில் கூடுதல் வீடுகள் எழும், விலை இறங்கும், ஏழைக்கும் கூரை கிடைக்கும். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

1. விதி ஒன்றும் தாராளமானதல்ல. மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள் முதல் அறைக்கு 11 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 9.3, மற்றவற்றுக்கு 6.5 என்கின்றன. 6.5 என்பது 70 சதுர அடி. கட்டிலும் அலமாரியும் போட்டபின் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பாள்? மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பா பகலில் எங்கே தூங்குவார்? இதில் இன்னும் எதை வெட்டப் போகிறீர்கள்?

2. கூடுதல் வீடுகளுக்கு அனுமதி என்றதும் நிலத்தை விற்பவர் விலையை ஏற்றுவார். மிச்சம் வாங்குபவர் கைக்கு எப்படி வரும்?

3. அடர்த்தி வேறு, நெரிசல் வேறு. ஏக்கருக்கு எத்தனை வீடு என்பது ஒரு கணக்கு; ஆளுக்கு எத்தனை சதுர அடி என்பது வேறு கணக்கு. சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நாலறை வீடு சுமார் 90 சதுர மீட்டர். பட்டர்வொர்த் சிங்கப்பூரைவிட இடநெருக்கடியான ஊரா?

4. இடம் வேண்டுமென்றால் கார் நிறுத்துமிடத்தைப் பாருங்கள். ஒரு காருக்குச் சுமார் 12 சதுர மீட்டர், சுற்றிவரும் பாதை தனி. சட்டம் கேட்கும் முதல் அறையைவிட அது பெரிது. ரயில் நிலையத்துக்கும் படகுத்துறைக்கும் நடந்து போகும் தூரத்தில் கட்டும் வீடுகளுக்கு கார் நிறுத்துமிட விதியைச் செபராங் பிறை மாநகர் மன்றம் முதலில் தளர்த்தட்டும்.