ஆறு வயதுக் குரல்

அவளுக்கு வயது ஆறு. வாசிக்கத் தெரியாது. அவளை ஒரு கார்ட்டூன் படத்துக்குப் பேச அழைத்தார்கள்!

நடந்தது அமெரிக்காவில். ஆண்டு 1965. படத்தின் பெயர் "எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்". சிறுமியின் பெயர் காத்தி ஸ்டீன்பெர்க். கதையில் சார்லி பிரவுனின் தங்கை சாலிக்கு அவள்தான் குரல். வசனத் தாளைக் கையில் கொடுத்துப் பயன் இல்லை. ஆகவே வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னாள்.

படத்தைப் போட்டுப் பார்த்த டெலிவிஷன் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். இருந்தாலும் டிசம்பர் 9-ந் தேதி ஒளிபரப்பினார்கள். அந்த நேரத்தில் அமெரிக்காவில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைத்தான் பார்த்தார்கள்! பெரியவர்கள் குழந்தை போல மழலை பேசுவதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, நிஜக் குழந்தையின் தடுமாற்றம் இனித்தது போலும்.

அதே படத்தில் ஸ்னூப்பி என்று ஒரு நாய் உண்டு. அதற்குக் குரல் கொடுத்தவர் படத்தின் டைரக்டர் பில் மெலண்டெஸ். அவர் சித்திரக்காரர், நடிகர் அல்ல. வாய்க்கு வந்ததை உளறிப் பதிவு செய்தார். அதை வேகமாக ஓட்டினார். நாய் பேசிவிட்டது!

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இன்று பள்ளிப் பிள்ளைகள் செல்போனிலேயே சின்னச் சின்னக் கார்ட்டூன் செய்கிறார்கள். தாத்தாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் பேசக் கூப்பிடுகிறார்கள். "என் குரலா? தகரத்தைத் தட்டியது போல இருக்குமே!" என்று அவர்கள் ஓடுகிறார்கள். ஓட வேண்டாம் என்பதே நம் கட்சி.

தன் குரலைப் பதிவில் கேட்டால் பலருக்குப் பிடிப்பதில்லை. பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. அதனால் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லை. ஆனால் ஊரார் தினமும் கேட்பது அந்தக் குரலைத்தானே!

கார்ட்டூனில் பெரும்பாலும் குரல் முந்தி, படம் பிந்தி. பேச்சுக்குத் தக்கபடி வாயை வரைகிறார்கள். ஆகவே உதட்டசைவைப் பார்த்து ஓடிப் பிடிக்கும் தொல்லை இல்லை. (டப்பிங் வேறு சங்கதி. அது கஷ்டம்.)

துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னே நின்று பேசுங்கள். எதிரொலியைத் துணி விழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். "ப" என்றால் காற்று சீறும்; போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்று ஓரமாகப் பிடியுங்கள். ஓடுகிற காட்சியா? நாலு தடவை குதித்துவிட்டு, மூச்சு வாங்கப் பேசுங்கள்.

சின்னக் குழந்தையை நிறுத்தி வைத்து, "பேசு, பேசு" என்று வதைக்காதீர்கள். 2001-ல் வந்த "மான்ஸ்டர்ஸ் இன்க்" படத்தில் பூ என்ற குழந்தைக்குக் குரல் கொடுத்த சிறுமி மேரி கிப்ஸ் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவள் விளையாடினாள், மைக்கைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் அலைந்தார்கள்.

வெளியார் படத்துக்குப் பேசக் கூப்பிட்டால் மட்டும் உஷார்! டிஸ்னியின் "ஸ்னோ ஒயிட்" 1937-ல் வந்தது. ஸ்னோ ஒயிட்டாகப் பேசிப் பாடிய இளம்பெண் அட்ரியானா கேசலோட்டி. அவருக்குக் கிடைத்தது 970 டாலர். படத்தில் அவர் பெயரைப் போடவே இல்லை.

இன்று இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் குரலைப் பதிவு செய்துகொண்டால், அவர் பேசாததையும் அவர் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசுகிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். குரல் எந்தப் படத்துக்கு? வேறு எதற்காவது எடுப்பீர்களா? பெயர் போடுவீர்களா? சம்பளம் எவ்வளவு? பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "சான்ஸ் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கே பேச்சே வேண்டாம்; எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளைக்கு வாசிக்க வராவிட்டால் பரவாயில்லை. வரி வரியாகச் சொல்லிக் கொடுத்துப் பேச வைக்கலாம். கையெழுத்துப் போடும் தாளைப் பெற்றோர்தான் எழுத்துக் கூட்டியாவது கடைசி வரி வரை படிக்க வேண்டும்.