சான்றிதழ் கையிலே, கூலி எங்கே?

பஞ்சாலையில் இருபது வருஷம் ரிங் பிரேம் ஓட்டிய தொழிலாளியை ஒரு வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். கொஞ்ச நேரம் பாடம்; பிறகு பரீட்சை; தேறினால் சான்றிதழ். "உனக்கு வேலை தெரியும்" என்கிறது அந்தக் காகிதம். இருபது வருஷமாக அவர் ஓட்டிய நூலை விற்று லாபம் அடித்தார்களே, அப்போது தெரியாதா அவருக்கு வேலை தெரியும் என்று? போகட்டும். சான்றிதழுக்காகக் கூலியில் ஒரு பைசா கூட்ட வேண்டும் என்று முதலாளியைக் கட்டுப்படுத்துகிறதா இந்தத் திட்டம்? இல்லை!

2013-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய சர்க்கார் 'தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. ஒவ்வொரு தொழிலையும் துண்டு துண்டாகப் பிரிப்பது. தொழிலாளிக்கு என்ன தெரிய வேண்டும், எவ்வளவு நேர்த்தியாகச் செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பது. அதைக் கொண்டு ஆளை அளந்து படி போடுவது. சைடருக்கு ஓர் அளவுகோல், டாபருக்கு ஓர் அளவுகோல். 2015-ல் வந்த பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டம், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களையும் சோதித்துச் சான்று தர வழி செய்தது.

சான்றிதழே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போக வழியின்றிக் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவருக்கு எழுத்தில் அங்கீகாரம் கிடைப்பது நல்லதே. நாம் கேட்பது வேறு. அளவுகோலைச் செய்தவர் யார்?

2008-ல் தேசியத் திறன் வளர்ச்சிக் கழகம் அமைந்தபோது தனியார் பங்கு 51 சதவீதம், சர்க்கார் பங்கு 49. அளவுகோல் எழுதும் துறைக் கவுன்சில்களுக்கும் தொழில் நிறுவனங்களே தலைமை. ஆகவே, தொழிலாளி செய்ய வேண்டியது அந்த ஏட்டில் வரும். ஒருவர் தலையில் எத்தனை சைடு கட்டலாம் என்ற வரம்பு வருமா? வராது!

1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம் பெண்களை மூன்று வருஷம் 'அப்ரண்டிஸ்' என்று வைத்துத் தமிழ்நாட்டுப் பஞ்சாலைகள் வேலை வாங்கியதை நாம் மறக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்சக் கூலிக்குத் திறனையும் ஓர் அடிப்படையாக வைக்கிறது: திறனற்றவர், அரைத்திறன் பெற்றவர், திறன் பெற்றவர், உயர்திறன் பெற்றவர். ஆனால் தொழிலாளியை எந்த வகையில் எழுதுவது? பதிவேடும் பேனாவும் முதலாளி கையில்!

வயலுக்கு வாருங்கள். வேர் அறாமல் நாற்றுப் பறிக்கிறாள் ஒரு பெண். சேற்றின் பதம் பார்த்து நடுகிறாள். அவளுக்கே மண்வெட்டி கொடுத்தது 2005-ம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம். திறனோ தனிப் பயிற்சியோ இல்லாமல் வயது வந்த எவரும் செய்யக்கூடிய வேலை என்று அந்த உழைப்புக்கு இலக்கணமும் எழுதியது. வரப்புக் கட்டத் திறன் வேண்டாமா? எழுதியவர்கள் ஒரு நாள் வெயிலில் கட்டிப் பார்க்கட்டும்!

தோழர்களே! நம் கோரிக்கைகள் இவை. அளவுகோல் எழுதும் இடத்தில் தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் சரிசமமான இடம் வேண்டும். சான்று பெற்ற அன்றே அதற்குரிய வகையும் கூலியும் கிடைக்க வேண்டும். தேர்ந்தவர் என்று சான்று கொடுத்த பிறகு அவரைப் பயிற்சியாளர் என்று வைக்கக் கூடாது. சான்றிதழ் இல்லை என்ற சாக்கில் ஒருவரைக்கூட வெளியேற்றக் கூடாது.

இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு மில் வாசலிலும் ஒவ்வொரு களத்து மேட்டிலும் பேசுங்கள். சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். திறமை நம்முடையது, அதற்குரிய கூலியை வாங்கியே தீருவோம்!