தரங்கம்பாடியில் இறங்குங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் லாயாங் லாயாங் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் தமிழகப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். சென்னையில் இறங்கி, வேன் பேசி, கடற்கரைச் சாலை வழியே திருக்கடையூர், நாகூர், வேளாங்கண்ணி என்று போய் வருவார்கள். திருக்கடையூருக்கும் காரைக்காலுக்கும் நடுவே தரங்கம்பாடி இருக்கிறது. பெரும்பாலான வேன்கள் அங்கே நிற்பதில்லை. இந்த முறை அரை நாளாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமியை நாம் மறக்க முடியாது. பினாங்கிலும் கோலமூடாவிலும் உயிர்களைப் பறித்த அதே பேரலை, அன்றைய நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கரையோர மீனவர் வீடுகள் தரைமட்டமாயின.

இன்று கடலைவிட்டுத் தள்ளி அவர்களுக்குக் கான்கிரீட் வீடுகள் இருக்கின்றன. வீடு உள்ளே போய்விட்டது. படகு கரையிலேயே நிற்கிறது. வலையைச் சுமந்து நடக்கும் அந்தத் தூரம் எந்த நிவாரணக் கணக்கிலும் ஏறாதது. அதையும் ஏற்றுக்கொண்டு மறுபடி கடலுக்குப் போனவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1620இல் தஞ்சை நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இங்குள்ள பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றைப் பழைய முறையிலேயே சீரமைத்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சுலபம். அதைச் செய்யாமல் விட்டதே ஊரின் முகத்தைக் காப்பாற்றியது. பாதிரியார் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் வெளிவந்ததும் இந்த ஊரிலிருந்துதான். அச்சுத் தொழிலில் பிழைக்கும் எவருக்கும் இது கும்பிட வேண்டிய மண்.

சாப்பாட்டை உள்ளூர்க் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கரையில் வலை பின்னுபவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். மலேசியா என்றதும் அவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் நாகப்பட்டினம்; நம் பாட்டன் பாட்டிகள் பலர் ரஜூலா கப்பலில் ஏறிய துறைமுகம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கப்பல் டிக்கெட்டோ கடவுச்சீட்டோ இருந்தால், ஏறியவரின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்