விலைச் சீட்டில் இல்லாத விலை

கடைக்குப் போகிறோம். ஒரு பொருளில் 99 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. ஏன் 100 ரூபாய் என்று ஒட்டவில்லை?

ஒரு ரூபாயில் கடைக்காரருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால், நம் கண்ணுக்கு 99 என்பது நூறுக்குள் அடங்கிய விலையாகத் தெரிகிறது. கை தானாகப் பையைத் தொடுகிறது!

இது பழைய தந்திரம். இதை உலகமே வியக்கும்படி செய்து காட்டியது, அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி. அது விற்ற பொருள், சட்டைப் பையில் அடங்கும் ஒரு பாட்டுப் பெட்டி. பெயர் ஐபாட். 2022-ம் ஆண்டு மே மாதத்தில், ஐபாட் வியாபாரத்தை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி அறிவித்துவிட்டது. கதை முடிந்தது. ஆகவே, கணக்கை நாம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஆயிரம் பாட்டு!

2001-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி ஐபாட் அறிமுகமானது. விலை 399 டாலர். அன்றைக்கு அது பெரிய தொகை.

அதற்கு முன்பே, 1998-ல், ரியோ என்ற பாட்டுப் பெட்டி கடைக்கு வந்திருந்தது. அதன் விலை சுமார் 200 டாலர். அதில் பத்துப் பாட்டுப் போல்தான் கொள்ளும்.

ஐபாடின் விலை இரு மடங்கு. ஆனால், அதில் ஆயிரம் பாட்டுக் கொள்ளும். "ஆயிரம் பாட்டு உங்கள் பையில்" என்றுதான் விளம்பரம் செய்தார்கள். பெட்டியின் கொள்ளளவு 5 ஜி.பி. அதைப் பெரிதாகச் சொன்னால் எத்தனை பேருக்குப் புரியும்? ஆயிரம் பாட்டு என்றால் குழந்தைக்கும் புரியும்!

ஐம்பது டாலர் படிகள்

399 டாலர் எல்லோராலும் கொடுக்க முடியாது. ஆகவே, சிறிய பெட்டிகள் வந்தன.

2004-ல் ஐபாட் மினி என்ற குட்டிப் பெட்டி வந்தது. விலை 249 டாலர். கொள்ளளவு 4 ஜி.பி. அதே கடையில், 15 ஜி.பி. கொண்ட பெரிய ஐபாட் 299 டாலருக்குக் கிடைத்தது.

குட்டிப் பெட்டி வாங்க வந்தவர் என்ன நினைப்பார்? "இன்னும் 50 டாலர்தானே! கிட்டத்தட்ட நாலு மடங்கு கிடைக்கிறதே!" என்று நினைப்பார். சிறிது யோசித்தால் பெரியதை வாங்குவார். அழகைப் பார்த்தால் சிறியதை வாங்குவார். இரண்டிலும் லாபம் கம்பெனிக்கே.

2005-ம் ஆண்டு தொடக்கத்தில் 99 டாலருக்கு ஒரு பெட்டி வந்தது. அதில் திரையே கிடையாது. எந்தப் பாட்டு வரும் என்று பார்க்க முடியாது. அந்தக் குறையையே, "அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் இன்பம்" என்ற பொருளில் விளம்பரம் செய்து விற்றார்கள்!

அந்த ஆண்டின் விலைகளைப் பாருங்கள்: 99, 149, 199, 249, 299, 349. ஒவ்வொரு படிக்கும் 50 டாலர். யார் வந்தாலும் அவருக்கு ஒரு படி உண்டு. நின்ற படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற ஆசையும் உண்டு.

இலவசமும் புள்ளியும்

2004-ல் பெப்சி கம்பெனியும் ஆப்பிளும் சேர்ந்து, 10 கோடி பாட்டு இலவசம் என்று அறிவித்தன. மூன்று பாட்டிலுக்கு ஒரு பாட்டிலின் மூடிக்குள் பரிசு எண் இருக்கும். கடையிலேயே பாட்டிலைச் சாய்த்து, மூடிக்குள் எட்டிப் பார்த்தவர்களும் உண்டு!

ஆனால், அந்த இலவசப் பாட்டைப் பெற வேண்டுமானால், ஆப்பிளின் பாட்டுக் கடையில் பெயர் பதிய வேண்டும். ஒரு பாட்டு இலவசம். கடைக்கு ஒரு புது வாடிக்கையாளர் லாபம்.

2006-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி, சூன் என்ற பெட்டியைப் போட்டிக்கு இறக்கியது. அதன் கடையில் ஒரு பாட்டின் விலை 79 புள்ளி. 79 சென்ட் என்று நினைத்துவிடாதீர்கள்! 80 புள்ளிக்கு ஒரு டாலர் கணக்கு. ஆகவே, 79 புள்ளி என்பது 99 சென்ட்தான்.

புள்ளிகளை ஐந்து டாலருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். ஐந்து டாலருக்கு 400 புள்ளி. ஐந்து பாட்டு வாங்கினால் 395 புள்ளி போய்விடும். மிச்சம் 5 புள்ளி. அதை வைத்து ஒரு பாட்டும் வாங்க முடியாது. மறுபடியும் பணம் கட்ட வேண்டும்! சூன் பெட்டி நிலைக்கவில்லை. 2011-ல் அதைக் கைவிட்டார்கள்.

உண்மை விலை எவ்வளவு?

2003-ல் ஆப்பிள் தன் பாட்டுக் கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். பிடித்த ஒரு பாட்டுக்காக முழு இசைத்தட்டும் வாங்க வேண்டியதில்லை. அது மக்களுக்கு நன்மைதான். கையில் உள்ள இசைத்தட்டுகளின் பாட்டையும் பெட்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால், ஆயிரம் பாட்டையும் கடையிலேயே வாங்கினால்? 990 டாலர்! 399 டாலர் பெட்டியை நிரப்ப, அதைப் போல் இரண்டரை மடங்கு பணம்.

வாங்கிய பாட்டுக்குப் பூட்டு வேறு. வேறு கம்பெனிப் பெட்டியில் அது பாடாது. பெட்டியை மாற்ற நினைத்தவர், வாங்கிய பாட்டுகளை அப்படியே புதுப் பெட்டியில் ஏற்ற முடியவில்லை. 2009-ல்தான் அந்தப் பூட்டு முழுதும் நீங்கியது.

பாட்டரியும் அப்படியே. டார்ச் விளக்கில் கட்டை மாற்றுவதுபோல் அதை நாமே எளிதில் மாற்ற முடியாது. 2003-ன் இறுதியில், பாட்டரி மாற்ற ஆப்பிள் கேட்ட கட்டணம் 99 டாலர். கோபம் கொண்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2005-ல் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

பெட்டியின் சீட்டில் இவற்றில் எதுவும் எழுதப்படவில்லை!

நேர் விலையும் விற்கும்

2017-ல் நம் நாட்டுச் சரிகம கம்பெனி, காரவான் என்ற பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. பார்க்கப் பழைய ரேடியோ மாதிரி இருக்கும். விலை ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய். தமிழ்ப் பெட்டியில் 5,000 தமிழ்ப் பாட்டுகள் உள்ளேயே இருந்தன. அந்தப் பாட்டுகளுக்குத் தனிக் காசு இல்லை. பெற்றோருக்குப் பிள்ளைகள் வாங்கித் தந்தார்கள். பெட்டி லட்சக்கணக்கில் விற்றது.

விலையை ஒரே தடவையில் சொல்லியும் வியாபாரம் செய்யலாம் என்பதற்கு இது சாட்சி.

வாங்குமுன் கேளுங்கள்

இன்று பாட்டுப் பெட்டியின் வேலையைச் செல்போன் செய்கிறது. ஆனால், விலைப் படிகள் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டால் இரு மடங்கு இடம்" என்கிறார்கள். இலவசமும் இருக்கிறது. புள்ளியும் இருக்கிறது.

ஆகவே, பணத்தை எடுக்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இதை நிரப்ப எவ்வளவு ஆகும்? பழுதானால் எவ்வளவு ஆகும்? இலவசத்துக்குப் பதிலாக என்ன கேட்கிறார்கள்? நாளைக்கு வேறு கடைக்குப் போக நினைத்தால் விடுவார்களா?

நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வருகிற தொகைதான் விலை. அது உங்கள் குடும்பத்துக்குக் கட்டுமானால், தாராளமாக வாங்குங்கள், பாட்டும் இனிக்கும்!