கத்தியவர்கள் எத்தனை பேர்? பார்த்தவர்கள் எத்தனை பேர்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒரு பழக்கம் சீக்கிரமே ஒட்டிக்கொள்கிறது. ஒரு படத்தையோ டி.வி. நிகழ்ச்சியையோ பார்ப்பதற்கு முன்னால், சர்ச் இன்ஜினில் அதன் பெயரை டைப் செய்து, மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிடுகிறார்கள். பத்துப் பேர் "வேஸ்ட்" என்று எழுதியிருந்தால் போதும், பிரவுசரை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்தப் பத்துப் பேர் யார், அவர்கள் நிகழ்ச்சியைப் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. மானிட்டரில் எழுத்தாக வந்துவிட்டால் எதற்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது!

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் சரி, எங்கே தவறு என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. அது கார்களைப் பற்றிய ஒரு டி.வி. நிகழ்ச்சி. பெயர் 'டாப் கியர்'.

பி.பி.சி. இதை 1977-ல் ஆரம்பித்தது. அப்போது அது எந்தக் கார் எவ்வளவு மைலேஜ் தரும் என்று சொல்கிற சாதாரண நிகழ்ச்சிதான். 2002-ல் அதைப் புது வடிவத்தில் மறுபடி தொடங்கினார்கள். ஜெரமி கிளார்க்ஸன், ரிச்சர்ட் ஹேமண்ட், ஜேம்ஸ் மே என்று மூன்று பேர் சேர்ந்து கார் ஓட்டுவதும், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதும், கண்ட இடங்களுக்குப் பழைய கார்களில் பயணம் போவதுமாக அது உலகம் முழுவதும் பிரபலமானது. நம் நாட்டுக்கும் வந்தார்கள். அந்த இந்தியப் பயணம் 2011 டிசம்பரில் ஒளிபரப்பானது. அதில் செய்த கேலிகளைப் பற்றி லண்டனிலுள்ள இந்தியத் தூதரகம் பி.பி.சி.க்குப் புகார்க் கடிதம் அனுப்பியது. எனவே இந்த நிகழ்ச்சிக்கு ரசிகர்களும் கோபக்காரர்களும் எப்போதுமே உண்டு.

2015 மார்ச்சில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு விஷயமாகத் தகராறு ஏற்பட்டு, கிளார்க்ஸன் தன் தயாரிப்பாளர் ஒருவரை அடித்துவிட்டார். பி.பி.சி. அவரை நிறுத்தி வைத்தது. உடனே இன்டர்நெட்டில் அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு மனு தொடங்கினார்கள். சில நாட்களிலேயே 10 லட்சம் பேருக்கு மேல் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனுவை ஒரு ராணுவ டாங்கியில் ஏற்றிக்கொண்டு போய் பி.பி.சி. அலுவலகத்தில் கொடுத்தார்கள் என்றால் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மார்ச் 25-ம் தேதி, அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று பி.பி.சி. அறிவித்துவிட்டது. ஹேமண்டும் மேயும் அவரோடு போய்விட்டார்கள்.

இன்டர்நெட் மனுவில் கையெழுத்துப் போட ஒரு பெயர், ஒரு இ-மெயில் முகவரி, ஒரு கிளிக். அவ்வளவுதான். அந்த 10 லட்சமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தனை பேருக்கும் உண்மையிலேயே வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்து வரப்போகிற நிகழ்ச்சியைப் பற்றி அவர்களில் பலர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்.

புதிய 'டாப் கியர்' 2016 மே 29-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தது. ரேடியோவில் புகழ்பெற்ற கிறிஸ் எவன்ஸ் முக்கியத் தொகுப்பாளர். 'ஃபிரண்ட்ஸ்' தொடரில் நடித்த மேட் லெபிளாங்க், ஜெர்மனியின் கார் பந்தய வீராங்கனை சபீன் ஷ்மிட்ஸ், ஃபார்முலா ஒன் அணி நடத்திய எடி ஜோர்டன், யூடியூபில் கார் வீடியோக்கள் மூலம் பெயர் வாங்கிய கிறிஸ் ஹாரிஸ், திறந்த தேர்வின் மூலம் வந்த ரோரி ரீட் என்று ஒரு கூட்டமே இருந்தது. நிகழ்ச்சி வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு சண்டை. லண்டனில் போர் வீரர்களின் நினைவுச் சின்னத்துக்கு அருகே காரைச் சுழற்றிச் சுழற்றி ஓட்டிப் படம் பிடித்துவிட்டார்கள். எவன்ஸ் மன்னிப்புக் கேட்டார். அந்தக் காட்சியை ஒளிபரப்புவதில்லை என்று பி.பி.சி. சொன்னது. ஒரு நிமிடம்கூடப் பார்க்காமலே திட்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

முதல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்விட்டரில் குற்றச்சாட்டுகள் குவியத் தொடங்கின. எவன்ஸ் கத்துகிறார், பழைய மூன்று பேரை அப்படியே காப்பி அடிக்கிறார், வந்த விருந்தினர்களோடு பேசும் பகுதி இழுத்துக்கொண்டே போகிறது என்றெல்லாம் எழுதினார்கள். மறுநாள் காலையில் எண்ணிக்கையும் வந்தது: சராசரியாக 44 லட்சம் பேர். எவன்ஸ் அதற்கு முன்பு, 50 லட்சத்துக்குக் குறைந்தால் ஏமாற்றமாக இருக்கும் என்று சொல்லி வைத்திருந்தார். கேட்க வேண்டுமா? "தோல்வி" என்று எழுதிவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த 44 லட்சம் எங்கிருந்து வந்தது?

பிரிட்டனில் டி.வி. பார்ப்பவர்களைக் கணக்கெடுக்க 'பார்ப்' என்ற அமைப்பு 1981 முதல் இருக்கிறது. நம் ஊரில் டி.ஆர்.பி. என்று சொல்கிறோமே, அதே மாதிரி வேலை. 2016-ல் நாடு முழுவதும் சுமார் 5,100 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, டி.வி.யோடு ஒரு மீட்டரை இணைத்திருந்தார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். டி.வி. முன் உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்து போனாலும் அமுக்க வேண்டும். ஏழை, பணக்காரர், கிழவர், குழந்தை, நகரம், கிராமம் என்று நாட்டில் உள்ள விகிதத்திலேயே இந்த வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய 5,000 வீடுகளுக்குப் பிரதிநிதி.

5,100 வீடுகளை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே சொல்லிவிட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். சாம்பார் உப்புப் பார்க்க ஒரு கரண்டி போதும், ஆனால் நன்றாகக் கலக்கிவிட்டு எடுத்திருக்க வேண்டும். பார்ப் கலக்கி எடுக்கிறது. ட்விட்டரில் எழுதியவர்களோ தாங்களாகவே மேலே மிதந்து வந்தவர்கள். 10 லட்சம் கையெழுத்தைவிட இந்த 5,100 வீடுகளை நான் அதிகம் நம்புவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மறுநாள் காலையில் வருவது அன்று இரவு வரை பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். ரெக்கார்டு செய்து வைத்து புதன்கிழமை பார்க்கிறவர், அடுத்த சனிக்கிழமை சாவகாசமாகப் பார்க்கிறவர் எல்லாரையும் சேர்த்த கணக்கு பிறகுதான் வரும். அந்தக் கணக்கில் முதல் நிகழ்ச்சி 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது! ஆனால் தலைப்புச் செய்தியாக வந்தது 44 லட்சம்தான். பிந்தி வந்த எண்ணிக்கை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இன்டர்நெட்டில் நீங்கள் தேடினால் முதலில் கண்ணில் படுவது இன்றைக்கும் அந்தப் பழைய 44 லட்சமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கத்தியவர்கள் சொன்னது தவறா? அதுவும் இல்லை. முதல் வாரம் ஆவலோடு வந்து பார்த்தவர்கள் அடுத்தடுத்த வாரங்களில் குறைந்துகொண்டே போனார்கள். ஜூலை 3-ம் தேதி வந்த ஆறாவது, கடைசி நிகழ்ச்சிக்கு அன்றிரவுக் கணக்கு 19 லட்சம். அதே நேரத்தில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் பிரான்ஸும் ஐஸ்லாந்தும் மோதிக்கொண்டிருந்தன என்பது ஒரு சமாதானம். ஆனால் பாதிக்கும் மேல் போனதற்குக் கால்பந்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மறுநாளே எவன்ஸ் விலகிவிட்டார். முதல் வாரத்துத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. ஆறாவது வாரத்துத் தீர்ப்பு, எதுவும் எழுதாமல் சேனலை மாற்றிக்கொண்டவர்கள் கொடுத்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

எழுதியவர்களிலும் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. "குப்பை", "பழைய ஆட்களைக் கொண்டு வா" என்று எழுதியவர்களால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. "கிறிஸ் ஹாரிஸ் காரைப் பற்றிப் பேசும்போது அக்கறையாக இருக்கிறது, அவருக்கு நேரம் கொடுங்கள்", "லெபிளாங்க் அலட்டிக்கொள்ளாமல் செய்கிறார்", "ரோரி ரீட் ஏன் முக்கிய நிகழ்ச்சியில் இல்லை?" என்கிற ரீதியில் எழுதியவர்களும் இருந்தார்கள். முதல் வாரம் ஹாரிஸையும் ரீடையும் டி.வி.யில் அதிகம் காணவே முடியவில்லை. அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் 'எக்ஸ்ட்ரா கியர்' என்ற துணை நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். அது வந்த பி.பி.சி. த்ரீ சேனல் 2016 பிப்ரவரியிலேயே டி.வி.யை விட்டுவிட்டு இன்டர்நெட்டுக்குப் போய்விட்டிருந்தது. அதாவது, நல்ல சரக்கு கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது!

2017 மார்ச்சில் நிகழ்ச்சி திரும்பி வந்தபோது லெபிளாங்க், ஹாரிஸ், ரீட் மூவரும்தான் முன்னால் நின்றார்கள். காரணத்தோடு எழுதியவர்கள் கேட்டது கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. பி.பி.சி. அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் இப்படிச் செய்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் ஒரு நிகழ்ச்சியைப் பற்றியோ, ஒரு பிரிண்டரைப் பற்றியோ மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும்போது இந்த வித்தியாசம் கைகொடுக்கும். எந்தப் பகுதி, எந்த நிமிடம், ஏன் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர் பார்த்திருக்கிறார். வெறும் ஆச்சரியக்குறியோடு திட்டுகிறவர் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

2002-ல் தொடங்கிய அந்தப் புகழ்பெற்ற வடிவத்தின் முதல் வரிசையில் ஜேம்ஸ் மே இல்லை என்பதை ரசிகர்கள் பலர் மறந்துவிட்டார்கள். ஜேஸன் டாவ் என்பவர்தான் இருந்தார். 2003-ல்தான் அவருக்குப் பதிலாக மே வந்தார். அன்றைக்கு நிகழ்ச்சி ஓடும்போதே திட்ட ட்விட்டர் கிடையாது. மாற்றிப் பார்க்க, சரிசெய்ய அவகாசம் இருந்தது. எவன்ஸுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அவர் கத்தியது எனக்கும் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பழைய மூன்று பேர் என்ன ஆனார்கள்? அமேசான் அவர்களை அழைத்துக்கொண்டது. 'தி கிராண்ட் டூர்' என்ற பெயரில் 2016 நவம்பர் 18-ம் தேதி புதிய கார் நிகழ்ச்சி டி.வி. சேனலில் இல்லாமல் நேராக இன்டர்நெட்டில் வந்தது. அதே டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவுக்கும் வந்ததால், நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்க முடிந்தது. ரசிகர்கள் பாராட்டித் தள்ளினார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள்? பி.பி.சி. நிகழ்ச்சிக்கு வந்தது போல வாரா வாரம் ஒரு எண்ணிக்கையை அமேசான் வெளியிடவில்லை.

இதைத்தான் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பி.பி.சி.க்கு இருந்ததோ 5,100 வீடுகளின் மீட்டர். அதை வைத்து வந்த எண்ணிக்கை மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்தது, அதை வைத்து ஒருவருக்கு வேலையும் போனது. இன்டர்நெட்டில் நிகழ்ச்சி காட்டும் நிறுவனத்துக்கு எந்த மீட்டரும் வேண்டாம். நீங்கள் எப்போது பிளே பட்டனை கிளிக் செய்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், எந்த நிமிடத்தில் சலித்துப்போய் மூடினீர்கள் என்பதெல்லாம் அவர்களுடைய சர்வருக்குப் போகிறது. ஒவ்வொரு பார்வையாளரின் கருத்தும் அவர்களிடம் இருக்கிறது. நமக்குத்தான் தெரியாது.

ஆகவே, நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதாவிட்டாலும், பத்தாவது நிமிடத்தில் மூடியது ஒரு விமர்சனமாகப் பதிவாகிவிடுகிறது. 2016-ல் சேனலை மாற்றியவர்கள் எப்படிச் சத்தமில்லாமல் எவன்ஸை வீட்டுக்கு அனுப்பினார்களோ, அதே அதிகாரம் உங்கள் மவுஸுக்கும் உண்டு. பிறர் எழுதியதைப் படித்துவிட்டுப் பார்க்காமலே விட்டால் அந்த ஓட்டை நீங்கள் போடாமலே விட்டதாக ஆகிவிடும். 20 நிமிடம் பாருங்கள், பிறகு மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள்.

'டாப் கியர்' அதன் பின்பும் பல முகங்களைப் பார்த்தது. 2022 டிசம்பரில் படப்பிடிப்பின்போது, தொகுப்பாளராக இருந்த கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃப் மோசமான விபத்தில் சிக்கினார். 2023 நவம்பரில் பி.பி.சி. நிகழ்ச்சியை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. 'தி கிராண்ட் டூர்' மூவரின் கடைசிப் பயணம் 2024 செப்டம்பரில் வந்தது.

உங்களைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தால், பிரைம் வீடியோ வெப்சைட்டில் உங்கள் அக்கவுண்ட் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் 'வாட்ச் ஹிஸ்டரி' என்பதை கிளிக் செய்யுங்கள். நீங்கள் பார்த்ததெல்லாம் வரிசையாக வரும். வேண்டாததை நீக்கலாம். யூடியூபிலும் 'ஹிஸ்டரி' என்று இடது பக்கத்தில் இருக்கிறது. அங்கே பதிவாவதையே நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது.