பூ வைத்த பகடை யாருக்கு?

பகடை என்றாலே நம் வயதுக்காரர்களுக்குச் சகுனி ஞாபகம் வந்துவிடும். "பிள்ளைகள் கையில் இது எதற்கு?" என்று முகம் சுளிப்பார்கள். எனக்கு ஆட்டத்தின் மேல் கோபம் கிடையாது. என் கோபமெல்லாம் பகடை வாங்குகிற லட்சணத்தின் மேல்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் ஏற்பார்கள். "நான் அந்தச் சுவரைத் தாண்டுகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், தாண்டினானா விழுந்தானா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். 4, 6, 8, 12, 20 முகங்களில் ஒவ்வொன்று, பத்து முகத்தில் இரண்டு, ஆக ஏழு பகடை ஒரு செட். இருபது முகம் ஒன்றும் புதுமை இல்லை. கிரேக்க எழுத்து பொறித்த எகிப்துக் கல் பகடை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம்.

இப்போது பிள்ளைகள் பகடையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? போனில் படம் பார்த்து. உள்ளே காய்ந்த பூ வைத்தது, ஜிகினா மிதக்கிற திரவம் அடைத்தது, பித்தளை மாதிரி மின்னுகிறது. எண்களோ வெளிர் நிறத்தின் மேல் தங்கப் பூச்சில், கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி சுருள் சுருளாக!

என் பேத்தியும் அவள் சிநேகிதிகளும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆடினார்கள். "தாத்தா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் பகடையை எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, "பதினாறா, பதினெட்டா?" என்று கேட்க வேண்டியிருந்தது. எனக்கு மட்டும் என்றால் கண் புரையின் மேல் பழி போடலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகளும் அதையேதான் செய்தார்கள். 6-க்கும் 9-க்கும் கீழே ஒரு கோடோ புள்ளியோ கூட இல்லை. பக்கத்தில் இருப்பவரால் படிக்க முடியாத பகடையை உருட்டினால், உருட்டியவர் சொல்வதுதான் கணக்கு. அங்கேயே நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடுகிறது.

அடுத்தது நேர்மை. முப்பது வருஷம் பட்டறையில் வெர்னியர் காலிப்பர் பிடித்த கை இது. ஒரு நல்ல இருபது முகப் பகடையில் எதிரெதிர் முகங்கள் பத்து ஜோடி. பத்து ஜோடிக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் பல தொழிற்சாலைகளில் பகடைகளைப் பளபளப்பாக்க உருளைக்குள் போட்டு உருட்டுகிறார்கள். அதில் விளிம்புகள் தேய்கின்றன, எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. லூ ஸோக்கி என்ற அமெரிக்கர் இதை எதிர்த்துப் பல வருஷம் பேசினார், கூர் விளிம்புப் பகடைகளையே விற்றார். காசு வைத்து ஆடும் கேசினோக்களில் கூர் விளிம்பும் கண்ணாடி போன்ற உடலும் உள்ள பகடையைத்தான் மேஜையில் வைக்கிறார்கள். உள்ளே எதையும் ஒளிக்க முடியாதே.

"உப்புத் தண்ணீரில் மிதக்க விட்டால் தெரிந்துவிடும்" என்கிறார்கள். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் தெரியும், சரிதான். வடிவம் கோணலாக இருந்தால் அது காட்டாது. உலோகப் பகடை மிதக்கவே மிதக்காது. அதைவிட 200 தடவை உருட்டி நோட்டில் குறியுங்கள். ஒவ்வொரு எண்ணும் சராசரி 10 தடவை வரவேண்டும். 5, 15 என்று முன்பின் இருந்தால் சகஜம். ஒரே எண் 25 தடவை வந்தால் அந்தப் பகடையைச் சந்தேகப்படலாம்.

இன்னொரு எச்சரிக்கை. சில இருபது முகப் பகடைகளில் 20-க்கு அடுத்து 19, அதற்கடுத்து 18 என்று வரிசையாக இருக்கும். சீட்டு ஆட்டத்தில் புள்ளி குறைத்து எண்ணுவதற்குச் செய்தது அது. பெரிய எண்களெல்லாம் ஒரே பக்கம் கூடியிருக்கும். உருட்டும் பகடை என்றால் எதிர் முகங்களைக் கூட்டிப் பாருங்கள், 21 வரவேண்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

"விளையாட்டுதானே தாத்தா, அழகாக இருந்தால் என்ன?" என்பாள் பேத்தி. அழகு இருக்கட்டும் அம்மா, கொலுப்படியில் வைத்துக்கொள். ஆட்டத்தில் கதை சொல்பவருக்கும் மேலே ஒரு நீதிபதி உண்டென்றால் அது பகடைதான். நாம் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்துத் தாயம் ஆடியவர்கள். எவனாவது தேய்ப்பில் வேலை காட்டினால் அந்தக் கொட்டையைத் தூக்கியெறிந்துவிட்டுத்தான் மறு ஆட்டம். பித்தளைத் தாயக்கட்டையின் முகத்தில் வெறும் புள்ளிகள்தான். எழுத்துத் தெரியாத பாட்டி திண்ணைக் கோடியிலிருந்தே "தாயம்!" என்று கத்துவாள். எட்டு வயதுப் பேரனும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே ஆட்டத்தில் இருந்தது அதனால்தான்.

பிறந்தநாள் பரிசாகப் பகடை கேட்டால் நம்மிடம்தான் காசு கேட்கிறார்கள். அதனால் நமக்குச் சொல்ல உரிமை உண்டு. ஒரே நிற உடல், அதற்கு நேர்மாறான நிறத்தில் தடித்த எண், 6-க்கும் 9-க்கும் கீழே கோடு. இவ்வளவு போதும். சாதாரண பிளாஸ்டிக்கில் மலிவாகவே கிடைக்கும். மிச்சப் பணத்தில் இரண்டாவது செட் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அது தாத்தா பாட்டிக்கு.