எடுத்த மெமரி திரும்பிவிடுமா?

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மெமரியைக் கூட்ட முடிந்தால் அதே வழியில் குறைக்கவும் முடியும், குறைத்தால் ஒரு பைட் மிச்சமில்லாமல் விடுபட்டுவிடும் என்ற நம்பிக்கை, கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைக்கு ஈஆர்பி சர்வர் பார்ப்பவர் முதல் கிளவுட் விற்பவர் வரை வேரோடிக் கிடக்கிறது. இது தவறு என்பதற்கு லினக்ஸ் கெர்னலே சாட்சி. மெமரியின் ஒவ்வொரு 4 கேபி பக்கமும் யார் வசம் இருக்கிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கெர்னல் 64 பைட்டில் ஒரு பதிவு வைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளின் தொகுப்புதான் மெம்மேப். சிப்காட்டுக்கு நிலம் எடுத்து வேலி போட்ட பிறகும் கிராம அடங்கலில் பழைய பதிவு நீடித்தால் வேலை முடிந்ததாகாது அல்லவா? கெர்னலின் அடங்கலோ மெமரியிலேயே இடம் பிடிக்கிறது: 128 எம்பிக்கு 2 எம்பி, 1 டிபிக்கு 16 ஜிபி.

மெமரியைச் சேர்க்கும் வசதி வந்து பல ஆண்டுகள் கழித்தும், 64 பிட் இன்டெல் கணினிகளில் வழக்கமான முறையில் வைக்கப்படும் மெம்மேப்பை விடுவிக்க வேண்டிய ஃபங்ஷன் ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தது 'இன்னும் எழுதப்படவில்லை' என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டுமே. ஃபுஜித்சு பொறியாளர்கள் எழுதிய திருத்தம் 2013 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 3.9 பதிப்பில்தான் சேர்ந்தது. அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். நீக்கும் மெமரிப் பகுதியின் பதிவும் பக்கத்துப் பகுதியின் பதிவும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கலாம். அப்போது நீக்கியதன் இடத்தை 0xFD என்ற எண்ணால் நிரப்பி, பக்கம் முழுக்க அந்த எண் ஆன பிறகே விடுவிக்க வேண்டும். நளினமான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்ப்பதில் இப்படி ஒரு சிக்கலே கிடையாது.

மெம்மேப் பிடிக்கும் ஒன்றரை சதவீத மெமரிக்கு ஏன் இந்தக் கூப்பாடு என்பார்கள். 64 ஜிபியோடு தொடங்கிய விர்ச்சுவல் மெஷினை, உள்ளிருந்தே பக்கங்களைப் பிடித்து வெளியே தரும் பலூன் முறையில் 8 ஜிபியாகச் சுருக்குங்கள். மெம்மேப் 64 ஜிபிக்கு உரிய 1 ஜிபியாகவே நிற்கும். கையில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு போயிற்று. குறைத்துவிட்டோம் என்று பலர் காட்டுவது இந்த பலூனைத்தான். 2021 ஜூனில் வந்த லினக்ஸ் 5.13 எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதே என்பது அடுத்த வாதம். புதிதாகச் சேரும் பகுதியின் பதிவை அந்தப் பகுதிக்குள்ளேயே வைக்கும் வசதி அதில் வந்தது உண்மை. பகுதி போனால் பதிவும் போகும். ஆனால் நாமாக இயக்காதவரை அந்த வசதி அணைந்தே இருக்கும். பூட் ஆகும்போதே இருந்த மெமரிக்கு அது பொருந்தாது. கெர்னல் தனக்கென எடுத்துக்கொண்ட, நகர்த்த முடியாத ஒரு பக்கம் நடுவில் இருந்தாலும் அந்தப் பகுதியைக் கழற்றவே முடியாது. ரீபூட் செய்தால் போயிற்று என்பவருக்கு ஒரே பதில்: மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில் நிறுத்தாமல் எடுக்கத்தானே இந்த வசதியையே கேட்டார்கள்?

சர்வர் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் மெமரியைப் பலமுறை சேர்த்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் காலி மெமரி பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று நீங்களே பாருங்கள். திரும்பாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.